மெயின்லேண்ட்காரி

போர்ட் பிளேருக்கு மாற்றலாகிப் போனபோது எல்லோரும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை வருஷம்?" என்பதுதான். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வங்காளி அம்மா கேட்டார், மீன்காரர் கேட்டார், ஆட்டோக்காரர் கேட்டார். மூன்று வருஷம் என்று சொன்னதும் பேச்சு முடிந்துவிடும். போகப்போகிறவளிடம் என்ன பழக்கம்? குவார்ட்டர்ஸ் இருந்த டெலானிபூர் மேட்டில் மழை பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. துணி காயாது. அலுவலகம் விட்டு வந்தால் மறுநாள் அங்கே போகும்வரை வாயைத் திறக்கவே எனக்கு வேலை இருக்காது.

அப்படியொரு மழைநாளில் இன்வர்ட்டர் பழுதுபார்க்க வந்தவன் அவன். சௌல்தாரியில் வீடு. தாத்தா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து வந்த குடும்பம். அவன் அந்த ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை. அவன் வருஷக் கணக்கெல்லாம் கேட்கவில்லை. "டீ போடுவீங்களா?" என்றான். அதிலேயே விழுந்துவிட்டேன் என்றால் சிரிப்பீர்கள். விழுந்துதான் விட்டேன்.

அவனுடைய அரசியல் பிறகுதான் தெரிந்தது. தீவின் அரசு வேலையெல்லாம் தீவில் பிறந்தவர்களுக்கே வேண்டும் என்று போராடும் ஒரு சங்கத்தில் அவன் முன்வரிசை ஆள். ஒருநாள் காலை என் அலுவலக வாசலிலேயே பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். "மெயின்லேண்ட்வாலே, வாபஸ் ஜாவோ" என்று மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தது அவன்தான். திரும்பிப் போகச் சொன்னது என்னைப் போன்றவர்களை. குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். சாயங்காலம் வடைப் பொட்டலத்தோடு வந்து நின்றான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற ஆள்.

"உன்னைச் சொல்லல. சிஸ்டத்தைச் சொன்னோம்."

"அந்த சிஸ்டத்துல சம்பளம் வாங்கறது நான்தானே?"

"அரே, என் தங்கச்சி பி.காம். முடிச்சிட்டு துணிக்கடையில பில் போடுது. அதையும் கொஞ்சம் பாரு."

"நானும் பரீட்சை எழுதித்தான் வந்தேன். யார் வேணா நாட்டுல எங்க வேணா வேலை பாக்கலாம்."

"அது மெயின்லேண்ட்ல உக்காந்து பேச நல்லா இருக்கும்."

அவன் சொல்வதில் பாதி நியாயம் என்று எனக்குத் தெரியும். மீதிப் பாதிக்காகத்தான் தொண்டை வற்றக் கத்துவேன். அவனும் கத்துவான். வடை ஆறிப்போகும். ஆனால் அந்தச் சண்டைகளிலாவது வீட்டில் இரண்டு குரல் கேட்டது.

ஒருமுறை குட்வில் எஸ்டேட்டில் அவன் நண்பன் வீட்டு விருந்துக்கு அழைத்துப் போனான். நான் நுழைந்ததும் சங்கப் பேச்சு நின்றது. மரியாதைக்குக் குறைவில்லை, எனக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள், முதல் தட்டு எனக்குத்தான் வந்தது. மற்றவர்கள் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்து, இந்தியும் தமிழுமாக ஒருவரையொருவர் வாரிக்கொண்டிருந்தார்கள். அவனும் அங்கேதான் இருந்தான். அவன் வந்ததும் என் தனிமை தொலைந்தது என்று நினைத்திருந்தேன். அன்று அது கைக்குழந்தை மாதிரி என் மடியிலேயே உட்கார்ந்திருந்தது.

மூன்றாம் வருஷம் முடிய வந்தது. விரும்பினால் இன்னும் இரண்டு வருஷம் நீட்டிப்புக் கேட்கலாம். மெயின்லேண்ட் ஊழியர் யாருக்கும் நீட்டிப்புத் தரக்கூடாது என்பதுதான் அப்போது சங்கத்தின் புதிய கோரிக்கை. மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்களில் அவனும் ஒருவன். அதைப் பற்றி அவன் பேசட்டும் என்று காத்திருந்தேன். பேசவில்லை. கடைசியில் கடற்கரை ரோட்டில் நடந்துகொண்டிருந்தபோது நானே கேட்டேன்.

"நான் எக்ஸ்டென்ஷன் கேக்கட்டுமா?"

நடையை நிறுத்தினான்.

"சங்கத்தைக் கேக்கல. உன்னைக் கேக்கறேன். இருன்னு ஒரு வார்த்தை சொல்லு, இருக்கேன்."

கடலைப் பார்த்தபடியே நின்றான். கண் கலங்கியிருந்தது, இல்லை என்று சொன்னால் அது பொய். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"சாமானை ஃப்ளைட்ல போட்டா கட்டுப்படியாகாது. கப்பல்ல அனுப்பலாம். பேக்கிங் எல்லாம் நான் பாத்துக்கறேன்."

வேலையை விட்டுவிட்டு இங்கேயே என்னோடு இருந்துவிடு என்றும் அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, எனக்குத் தெரியாது. ஆனால் கேட்டிருக்கலாம்.

சொன்னபடியே வந்தான். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தட்டு, டம்ளர், ஊறுகாய் ஜாடி என்று ஒவ்வொன்றாகப் பேப்பரில் சுற்றினான். இடுக்குகளில் என் பழைய சேலையைக் கிழித்துத் திணித்தான். நான் பேப்பரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்று நாங்கள் சண்டை போடவில்லை. சண்டை போட எதுவும் மிச்சமில்லை.

சென்னையில் பெட்டிகள் வந்து சேர்ந்ததும் தனியாக உட்கார்ந்து பிரித்தேன். கப்பலில் ஏற்றி, இறக்கி, லாரியில் குலுங்கி வந்த சாமான்கள். ஒரு கீறல் இல்லை. ஏதாவது ஒன்று உடைந்திருக்கக் கூடாதா என்று கடைசிப் பெட்டியின் அடிவரை தேடினேன். எல்லாம் முழுசாக இருந்தது. அப்போதுதான் அழுதேன்.