நொவ்கொரொட் இளவரசனும் ஏழாம் விதியும்

எங்கள் சங்கத்தின் யாப்பு, ஏழாம் விதி: "உறுப்பினர் ஒருவரை நீக்குவதாயின், குற்றச்சாட்டுகளைப் பதினான்கு நாட்களுக்கு முன்னரே எழுத்தில் கொடுத்து, அவருடைய விளக்கத்தைக் கேட்ட பின்னரே பொதுக்கூட்டம் முடிவெடுக்கும்." எழுதியவன் நான். நகராட்சியான கொம்மூன் அலுவலகத்தில் மற்றவர்களின் முறையீடுகளுக்குப் பதில் எழுதுவதே என் தொழிலாக இருந்ததால், நாங்கள் குடியேறிய புருசெத்தில் தமிழ்ச் சங்கம் தொடங்கியபோது அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். எழுதியதை ஒருவரும் வாசிக்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு, ஆண்டு விழாவில் ஏதாவது வரலாறு பேசும்படி தலைவரே கேட்டார். மாஸ்கோவில் நான் படித்தது ருஷ்ய வரலாறு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் நொவ்கொரொட் நகரத்தார் தங்கள் இளவரசனைத் துரத்திய கதையை எடுத்துக்கொண்டேன். நகரசபை கூடி அவனை மனைவி, பிள்ளைகள், மாமியார் சகிதம் ஆயரின் வீட்டில் அடைத்தது. நாளுக்கு முப்பது பேர் ஆயுதத்தோடு காவல். மாமியாருக்குமா முப்பது பேர் என்று நான் கேட்டபோது மண்டபம் சிரித்தது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அவன்மீது சொல்லப்பட்ட குற்றங்களை வரிசையாக வாசித்தேன். ஏழைக் குடியானவர்களைக் கவனிக்கவில்லை. வேறு ஊரின் அரியணைக்கு ஆசைப்பட்டான். போர்க்களத்தை விட்டு எல்லோருக்கும் முதல் ஓடினான்.

மண்டபத்தில் இருந்த எல்லோரும் போர் நடக்கும் நாட்டை விட்டு வந்தவர்கள். முன்வரிசையில் இருந்த தலைவரோ, எங்கள் ஊராரில் முதன்முதல் இந்த நாட்டின் வடகோடியில் உள்ள பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தவர் தானே என்று மேடைதோறும் சொல்பவர். அவர் எழுந்தார்.

"அண்ணை, ஆரைச் சொல்லுறியள்?"

"இளவரசனை."

"அவன் செத்து எண்ணூறு வருசம். பிறகேன் என்னைப் பாத்தனீங்கள்?"

பார்த்தது உண்மை. தற்செயல் என்று சொல்லியிருந்தால் விழா வடையோடு முடிந்திருக்கும். "குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்" என்றேன்.

பின்வரிசையில் ஒரு பெண் அமைதியாகக் கேட்டார்: "மாஸ்கோவிலை படிச்சவருக்கு செல் விழுற சத்தம் தெரியுமோ?"

தெரியாது. எங்கள் ஊரில் முதல் எறிகணை விழுவதற்கு முன்பே நான் ஸ்கொலர்ஷிப்பில் போய்விட்டேன்.

அடுத்த மாதப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் என் பெயர் இல்லை. "ஏனைய விடயங்கள்" என்பதன் கீழ், தேநீர் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே என்னை நீக்கினார்கள். பக்கத்தில் இருந்தவர், என் நெடுநாள் நண்பர், கோப்பையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு வலக்கையை உயர்த்தினார். உறுப்புரிமையோடு நான் நடத்திய சனிக்கிழமை வரலாற்று வகுப்பும் போயிற்று. ஓய்வு பெற்றவனுக்குக் கிழமையில் சட்டையை இஸ்திரி போட ஒரு நாள் வேண்டும். எனக்கு இருந்தது அந்த நாள் ஒன்றுதான்.

இளவரசன் என்னைவிட அதிர்ஷ்டசாலி. பக்கத்து நகரம் அவனைக் கூப்பிட்டு ஆளச் சொன்னது. பியோர்ண்டால் சங்கத்தில் நான் விசாரித்தபோது, அங்கே வரலாற்றுக்கு ஆள் இருப்பதாகச் சொன்னார்கள். அந்த வகுப்பில் பிள்ளைகளுக்கு மிருதங்கம் பழக்குகிறார்கள் என்று பிறகு அறிந்தேன்.

எங்கள் சங்கத்துக்கு, ஏழாம் விதியைச் சுட்டி, நீக்கம் செல்லாது, வகுப்பைத் திருப்பித் தருக என்று பதிவுத் தபாலில் எழுதினேன். கொம்மூனில் ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்றாவது எழுதியாக வேண்டும். சங்கம் அதையும் எழுதவில்லை. இரண்டு நினைவூட்டல் அனுப்பினேன். கோடை போனது. வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்தார்கள்.

கடைசியில் தலைவரின் கையொப்பத்தோடு கடிதம் வந்தது. ஏழாம் விதியை அவர் வாசித்திருந்தார். போர்க்களத்தை விட்டு ஓடியது முதலான குற்றச்சாட்டுகளை நானே எழுதி, நானே சபையில் வாசித்ததால் தனி அறிவித்தல் தேவைப்படவில்லை என்றும், விழாவில் நான் பேசிய நாற்பது நிமிடமும் என் விளக்கமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது என்றும் எழுதியிருந்தார். மூன்று தடவை வாசித்தேன். நான் அலுவலகத்தில் இருந்தபோது இந்த வழக்கு என் மேசைக்கு வந்திருந்தால், இதே காரணங்களோடு முறையீட்டை நிராகரித்து நானே கையெழுத்து வைத்திருப்பேன். உறையின் மேல், வழக்கப்படி, கிடைத்த திகதியைக் குறித்தேன்: 2006 நவம்பர் 3.