அண்ணன் கைகட்டி நின்ற முகூர்த்தம்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் நான்தான் எழுத வேண்டும் என்றார்கள். நன்றாக எழுதக்கூடியவர்கள் குடும்பத்தில் உண்டு. ஆனால் கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். அஞ்சாவது வரைதான் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊரில். கடைமடை. எல்லோருக்கும் பாய்ந்த பிறகுதான் எங்களுக்குத் தண்ணீர் வரும். சில வருடம் வராது. அப்பா சீக்கிரம் போய்விட்டார். அண்ணன் டிராக்டர் பட்டறையில் சேர்ந்தார். குறுவை இல்லாத வருடத்தில் டிராக்டருக்கும் வேலை இல்லை. ஊரில் பாதி ஆம்பளைகள் வெளிநாட்டுக்குக் கிளம்பினார்கள். அண்ணனும் வளைகுடாவுக்குப் போனார். என்னைக் கட்டிக்கொடுத்தது அந்தச் சம்பாத்தியத்தில்தான்.

அங்கே அவர் பார்த்தது வீட்டுவண்டி பழுதுபார்க்கும் வேலை. குளிர்காலத்தில் அந்த ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு பாலைவனத்தில் போய்த் தங்குவார்கள். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் வண்டிக்குள்ளேயே அடுப்படி, கட்டில் எல்லாம் இருக்கும். நிறுத்தியதும் சுவரில் ஒரு பக்கம் மேசை டிராயர் மாதிரி வெளியே வரும். உள்ளே இடம் பெருகும். கிளம்பும்போது உள்ளே இழுத்துக்கொள்ளும். அதை நகர்த்தும் மோட்டார் நின்றுபோனால் கைப்பிடி போட்டுச் சுற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சுற்ற, ஒருவர் வெளியே நின்று இரண்டு முனையும் சமமாக நகருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு முனை முந்தினால் பல்சக்கரத்தின் பல் உடையும்.

நடுவில் சில வருடம் அண்ணியும் அங்கே போய் இருந்தார்கள். ஆள் கிடைக்காதபோது அண்ணி சுற்றுவார்கள், அண்ணன் பார்ப்பார். லீவில் வந்தால் அண்ணன் பேச்செல்லாம் அந்த வண்டிதான். சுவர் நகருகிற தண்டவாளத்தில் எண்ணெய் விடக்கூடாது, மணல் ஒட்டும். சுவர் ஓரத்து ரப்பரை ஈரத்துணியால் துடைக்கணும். பட்டனை அமுக்குவதற்கு முன்னால் வண்டியை ஒரு சுற்று சுற்றி வரணும். கல்யாணப் பந்தியிலும் இதையே சொல்வார். பக்கத்து இலைக்காரர் சீக்கிரம் மோர் கேட்டுவிடுவார்.

ஊரோடு வந்த பிறகு தஞ்சாவூரில் கேரவன் வாடகைக்கு விடுகிற முதலாளியிடம் சேர்ந்தார். ஷூட்டிங்குக்குப் போகிற வண்டிகள். அதிலும் அதே மாதிரி வெளியே வருகிற அறை உண்டு. அங்கே இருக்கும்போதுதான் நெஞ்சில் ஆபரேஷன் ஆனது. கனமாக எதையும் தூக்கக்கூடாது, இழுக்கக்கூடாது, கையை ஊன்றிச் சுற்றவே கூடாது என்று டாக்டர் அண்ணியிடம் சொல்லி அனுப்பினார். அண்ணனிடம் சொல்லிப் பயனில்லை என்று அவருக்கே தெரிந்திருக்கும்.

என் மகள் கல்யாணம் அதற்கு அடுத்த ஆவணியில். மண்டபத்தில் மணமகள் அறை சின்னது. பெண் அலங்காரத்துக்கு முதலாளி ஒரு கேரவனையே அனுப்பிவைத்தார். மண்டபத்தில் திருட்டுப் பயம் என்று கேள்விப்பட்ட சம்பந்தி, தாலியையும் கூறைப்புடவையையும் கேரவன் அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னார். வைத்துப் பூட்டினோம்.

காலையில் அண்ணன் தாய்மாமன் சீர் எடுத்துவரப் போயிருந்தார். கல்யாண வண்டி மொட்டையாக நிற்கலாமா என்று எங்கள் தெரு ஆட்கள் அதற்கும் இரண்டு வாழைமரம் கட்டினார்கள். ஒன்றை நகருகிற சுவரோடும் நகராத சுவரோடும் சேர்த்து இறுக்கிவிட்டார்கள். கேரவன் டிரைவர் சுற்றிப் பார்க்காமல் அறையை வெளியே தள்ளுகிற பட்டனை அமுக்கினார். ஒரு முனை வந்தது. மறு முனை வரவில்லை. வாழைமட்டை நசுங்கி நார் பல்லுக்குள் போய்விட்டது. தீய்ந்த வாடை வந்தது. மோட்டார் நின்றது. அறை பாதியில் கோணிக்கொண்டு அலமாரிக் கதவை அடைத்துவிட்டது. கதவு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது, தாலித்தட்டு வெளியே வராது.

முகூர்த்தம் முடிய ஒரு மணி நேரம்கூட இல்லை. மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்தாகிவிட்டது. எங்கள் ஆட்கள் வேட்டியை மடித்துக்கட்டி, தேர் தள்ளுவது போல் தோள் கொடுத்தார்கள். ஒருவர் முட்டுக்கட்டை தேடி ஓடினார். சீர்த்தட்டோடு வந்த அண்ணன் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு அவர்களுக்கும் வண்டிக்கும் நடுவில் போய் நின்றார்.

"இது தேர் இல்ல மாமா. இந்தப் பக்கம் தள்ளுனா அந்தப் பக்கம் உடையும்."

சம்பந்தி கேட்டார்: "அப்ப தாலிய எப்பங்க கட்டுறது, நாளைக்கா?"

"இன்னைக்குத்தான். முதல்ல வாழைமரத்த அவுருங்க."

சமையல்காரரிடம் கத்தி வாங்கி நாரை அறுத்து எடுக்கச் சொன்னார். கையால் சுற்ற வசதியாக மோட்டார் பிடியைத் தளர்த்தச் சொன்னார். டிரைவர் கைப்பிடியை மாட்டி அவசரத்தில் வெடுக்கென்று இழுத்தார். உள்ளே ஏதோ முறிகிற மாதிரி சத்தம் கேட்டது. அண்ணன் அவரை விலக்கிவிட்டுக் கைப்பிடியில் கை வைத்தார். நான் தடுக்கவில்லை. என் மகள் தாலிதான் உள்ளே இருந்தது.

அண்ணி வந்தார்கள். பட்டுப்புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் கையை எடுத்துவிட்டார்கள்.

"தள்ளுங்க, நான் சுத்துறேன். நீங்க வெளிய நின்னு பாருங்க."

"உனக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கும்."

"இனிமே தொட்டீங்கன்னா இப்பவே ஊருக்கு பஸ் ஏறிடுவேன். சீரை யார் வைக்கிறான்னு பாத்துக்குங்க."

அண்ணன் வெளியே போய் நின்றார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கை சும்மா இருக்காது என்று அவருக்கே தெரியும். முதலில் கொஞ்சம் உள்ளே இழுக்கச் சொன்னார். அறை நேரானது. பிறகு, "இப்ப வெளிய. மெல்ல. நிறுத்து. ம், வா" என்றார். அண்ணி சுற்றினார்கள். மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருவர், அத்தை இட்லிக்கு மாவாட்டுதா என்று கேட்டார். அண்ணி திரும்பாமலே, ஆமாம், மறுவீட்டுக்கு உங்களுக்குத்தான் என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அலமாரி திறந்தது. முகூர்த்தத்துக்குள் தாலி ஏறியது. தாய்மாமன் கைபிடித்துத்தான் பெண் மணைக்கு வந்தாள்.

அதற்குப் பிறகு அண்ணன் ஒரு ஐப்பசி மழை பார்த்தார், சம்பா அறுப்பு பார்த்தார், என் மகளுக்கு வளைகாப்பும் பார்த்தார். ஒரு காலையில் காபி குடித்துவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கஷ்டப்படவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டவர்களுக்கும், வண்டி அனுப்பி அடக்கத்துக்கும் வந்து நின்ற முதலாளிக்கும், வெளிநாட்டிலிருந்து போனில் அழுத அண்ணன் சிநேகிதர்களுக்கும், காரியம் முடியும்வரை சோறு ஆக்கிப்போட்ட தெருவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணிக்கு நன்றி சொன்னால் திட்டுவார்கள். இருந்தாலும் எழுதிவைக்கிறேன். அன்றைக்கு என் மகள் கல்யாணத்துக்காக அண்ணன் உயிரைக் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தார். அண்ணி கொடுக்க விடவில்லை.

இப்படிக்கு,
தங்கை