வெயிலில் ஜெசிந்தாவின் இடம்

ஜெசிந்தா இறந்துபோன செய்தி எல்லோருக்கும் கடைசியாகத்தான் எனக்கு வந்தது. அவள் குடியிருந்த சந்தில் துணி இஸ்திரி போடும் பெண் கமலேஷ் போன் செய்து, "ஹமாரி ஆன்ட்டி சலி கயீ" என்று அழுதாள். எங்கள் ஆன்ட்டி போய்விட்டாள் என்கிறாள். விடிந்ததுமே பால் பூத்காரருக்குத் தெரிந்திருக்கிறது, காய்கறி வண்டிக்காரருக்குத் தெரிந்திருக்கிறது, மாதா கோயிலுக்கும் தெரிந்திருக்கிறது. மயூர் விஹாரில் இருக்கிற எனக்கு மத்தியானம். துக்கத்துக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. 'எங்கள்' ஆன்ட்டியாம். ஜெசிந்தாவும் நானும் சிநேகிதமான நாளில் இந்தக் கமலேஷ் பிறந்தே இருக்கமாட்டாள்.

லோதி ரோடு அலுவலகத்தில் எங்களோடு வேலை பார்த்து, இப்போது ஆளுக்கொரு மூலையில் இருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். நல்லவள், சிரித்த முகம் என்றெல்லாம் நீங்களே சொல்லிக்கொள்வீர்கள். எனக்கு அவள்மேல் பொறாமை. அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு அவளைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது.

கணவர் இறந்து, அவருடைய வேலை கருணை அடிப்படையில் கிடைத்து, தூத்துக்குடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்தவள் அவள். பிள்ளை குட்டி இல்லை. இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. நான் கும்பகோணத்துக்காரி, ஸ்டெனோ. சர்க்கார் வைத்த இந்திப் பரீட்சைகளையெல்லாம் வரிசையாகப் பாஸ் செய்தவள். என் பக்கத்து மேஜையில் அவளை உட்கார வைத்தார்கள். வந்த அன்றே என்னை "ஏட்டி விஜி" என்றாள். எங்கள் பக்கத்தில் யாரையாவது அப்படிக் கூப்பிட்டால் பேச்சுவார்த்தை நின்றுவிடும். அவள் ஊரில் தோழியை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று எனக்கு விளங்கக் கொஞ்ச நாளாயிற்று. பிறகு அந்த ஏட்டிக்காகவே காலையில் சீக்கிரம் ஆபீசுக்குப் போக ஆரம்பித்தேன்.

குளிர்காலத்துப் புல்தரை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சாப்பாட்டு நேரம் வந்ததும் ஆபீஸ் பெண்கள் எல்லோரும் வெளியே வந்து, வெயிலில் வட்டமாக உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவார்கள், பச்சைப் பட்டாணி உரிப்பார்கள். யார் எங்கே உட்காருவது என்பதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வெயில் நன்றாக விழும் இடம் சீனியர்களுக்கு. கூப்பிடாமல் யாரும் போய் உட்காரக்கூடாது. எனக்கு அந்தச் சட்டம் நன்றாகத் தெரியும். அதனால், கூப்பிடுவார்கள் கூப்பிடுவார்கள் என்று ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து தயிர்சாதம் தின்றுகொண்டிருந்தேன்.

ஜெசிந்தாவுக்கு அது தெரியாது. முதல் குளிர் வந்ததும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டே வெளியே போய், வட்டத்தின் நடுவில் கிடந்த மோடாவில் உட்கார்ந்துவிட்டாள். நாணலை வைத்துக் கட்டிய குட்டை இருக்கையைத்தான் இங்கே மோடா என்பார்கள். அது எங்கள் சூப்பரின்டென்டென்ட் மிஸஸ் அரோரா வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்டது. வேறு யாரும் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இன்றைக்கு இவளுக்கு நன்றாகக் கிடைக்கப்போகிறது என்று ஜன்னலுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், கிடைக்க வேண்டும் என்று விரும்பினேன். மிஸஸ் அரோரா வந்தார். அவள் நடுங்குவதைப் பார்த்தார். தன் சால்வையை எடுத்து அவள்மேல் போட்டு, நூலுருண்டையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்தார். அவர் ரிட்டயர் ஆனபோது அந்த மோடா ஜெசிந்தாவுக்குப் போயிற்று. எனக்கும் அந்த வட்டத்தில் இடம் கிடைத்தது, ஜெசிந்தாவின் சிநேகிதி என்ற பேரில். அந்த வட்டத்தை ஒருமுறை படம் எடுக்க வேண்டும் என்றார்கள். கேமரா வைத்திருந்தவள் நான்தான், அதனால் நான் எழுந்துபோய் எடுத்தேன்.

ரிட்டயர் ஆனதும் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸை அவள் காலி செய்ய வேண்டியிருந்தது. சொந்த வீடு கிடையாது. ஊரில் அண்ணன் வீட்டுக்குப் போவாள் என்று நினைத்தோம். அவளோ யமுனைக்கு இந்தப் பக்கம் ஒரு சந்தில் ஒற்றை அறை பிடித்துக்கொண்டாள். சந்தில் ஆளுக்கு ஆள் மாடிமேல் மாடி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். தரைக்கு வெயில் வருவதே அரிது. வந்த கொஞ்ச நேரமும் ஓர் இடத்தில் நிற்காது. வெயில் நகர்ந்தால் ஜெசிந்தா மோடாவைத் தூக்கிக்கொண்டு நகருவாள். பின்னாலேயே கமலேஷும் மற்றப் பெண்களும் நூலும் ஊசியுமாக நகருவார்கள். நான் பார்க்கப் போயிருந்த ஒரு நாள், "ஏட்டி கமலேஷ், ஜல்தி வா" என்று குரல் கொடுத்தாள். அவளும் ஏட்டியா? அன்றைக்கு வாங்கிக்கொண்டு போயிருந்த சமோசா எனக்கு இறங்கவில்லை.

பிறகு அந்த வீட்டுக்காரரும் இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லி, குடியிருந்தவர்களைக் காலி செய்யச் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். என் கணவர் காலமாகியிருந்தார், மகன் பூனாவில் இருந்தான். மகனுடைய அறையை ஒழித்துத் துடைத்து, புது விரிப்பு விரித்துவிட்டு அவளை அழைக்கப் போனேன்.

"என்கூட வந்துடு ஜெசி. பால்கனியில சாயங்காலம் வரைக்கும் வெயில் அடிக்குது. நீ எங்கயும் நகர வேண்டாம்."

அவள் மோடாவிலிருந்து எழுந்திருக்கவில்லை. "ஒன் வீட்ல எல்லாம் இருக்கு ஏட்டி. வெளிய எறங்கினா, எங்க போறன்னு கேக்க ஆளு உண்டுமா?"

கிளம்பும்போது எங்கே என்று யாராவது கேட்டால், சகுனம் சரியில்லை என்று திரும்பி வந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற குடும்பம் என்னுடையது. அதைச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"நாலு பேரு கேக்கணும் விஜி. கேட்டாத்தான் அது நம்ம ஊரு."

அதே சந்தில் எதிர் வரிசையில், தன் மைத்துனன் சாமான் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து அவளுக்கு வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தாள் கமலேஷ். மற்றப் பெண்கள் ஆளுக்கொரு பாத்திரமாகத் தூக்கிப் போய் வைத்தார்கள். நான் வீட்டுக்கு வந்து புது விரிப்பை மடித்து உள்ளே வைத்தேன். லிஃப்ட், பால்கனி, நாள் முழுக்க வெயில், எல்லாம் இருந்தும் ஓர் இஸ்திரிக்காரியிடம் தோற்றுப்போனேன். இன்றைக்கும் அது ஆறவில்லை.

அடக்கத்துக்குச் சந்தே திரண்டு வந்திருந்தது. தலையில் முக்காடு போட்டுக்கொண்டு தமிழ்ப் பூசையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எப்போது எழுந்து நிற்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மதராசிதானே, தெரிந்திருக்கும் என்று என்னைப் பார்த்தார்கள். எனக்கும் தெரியாது. நான் முன் வரிசையைப் பார்த்து எழுந்தேன், அவர்கள் என்னைப் பார்த்து எழுந்தார்கள். கல்லறையில் ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். கமலேஷ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடுவித்துக்கொள்ள நினைத்தேன், முடியவில்லை. அவள் கை நன்றாகச் சூடாக இருந்தது.

அறையை ஒழித்தபோது, உங்களுக்கு என்ன வேண்டும் ஆன்ட்டி என்று கேட்டார்கள். மரியாதைக்காகக்கூட யோசிக்காமல் மோடா என்றேன். கமலேஷுக்கு முகம் சுருங்கியது. கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்துவிட்டுக் கொடுத்தாள். என் பால்கனியில் போட்டு உட்கார்ந்தேன். வெயில் ஏராளமாக இருந்தது, பேச ஆளில்லை. மறுநாள் லிஃப்டில் அதை இறக்கிக்கொண்டு கீழே வந்தபோது, இரண்டாம் மாடியில் இருக்கும் பெண், "கஹாங் ஜா ரஹி ஹோ, ஆன்ட்டி?" என்றாள். இத்தனை வருஷத்தில் இந்தக் கட்டடத்தில் என்னை யாரும் எங்கே என்று கேட்டதில்லை. வெயிலுக்கு என்றேன். அவளும் ஒரு நாற்காலியோடு வந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள். இந்த மோடா ஏது என்று கேட்டார்கள். சொல்ல ஆரம்பித்தேன்.

அதிலிருந்து தினமும் வருகிறார்கள். வந்து உட்கார்ந்ததும் ஜெசிந்தா ஆன்ட்டி கதை வேண்டும் என்கிறார்கள். என் வீட்டு வாசலிலும் கூட்டம் அவளுக்குத்தான்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த மோடாவும், தீராத இந்தப் பொறாமையும்தான். நாளைக்கு அவள் படம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் புல்தரைப் படத்தை எடுத்து வைத்திருக்கிறேன். அதில் எல்லோரும் இருக்கிறீர்கள், நான் மட்டும் இல்லை. நடுவில் ஜெசிந்தா கேமராவைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறாள். கேமராவுக்குப் பின்னால் நின்றவள் நான். முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் படத்தைக் காட்டுவேன்.