அடுத்த டேபுக்கு எப்படித் தெரிந்தது?

இருபத்திரண்டு வருடமாக லேபில் ரத்தம் எடுத்து வந்தார் அவர். ஊசி ஏறியதே தெரியாது என்பதால் உடன் வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் கொசு அக்கா. அலறும் குழந்தைகளையும் நரம்பு அகப்படாத கிழவர்களையும் அவரிடம்தான் அனுப்புவார்கள்.

சென்ற வருடம் ஒரு காலையில், சும்மா மடியில் கிடந்த வலது கையின் கட்டைவிரல் தானாக ஆடியது. களைப்பு என்று விட்டுவிட்டார். அடுத்த வாரமும் ஆடியது. ஊசியைப் பிடித்தால் நின்றுவிடும். கீழே வைத்தால் தொடங்கிவிடும். யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் அன்றைக்கே ஊசியை வாங்கி வைத்துவிடுவார்களே.

வீட்டில் அவருக்கும் கணவருக்கும் ஒரே கணினி. கணவர் வெளியே போன நேரம் பார்த்து, பிரவுசரில் ஒரு டேபைத் திறந்து நடுக்க நோய்களைப் பற்றிப் படித்தார். பக்கத்து டேபில் செய்திப் பக்கம் திறந்திருந்தது. அதற்குத் திரும்பியபோது ஓரத்தில் ஒரு விளம்பரம்: ‘கை நடுங்குகிறதா? தயங்காதீர்கள்.’ ரயில் நேரம் பார்க்கப் போனால் அங்கே நடுங்கும் கைக்கென்று செய்த கரண்டி. பூச்செடி வாங்கப் போனால் அங்கேயும் அதே கரண்டி. கணினியின் கேமரா மேல் லேபிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்திரியை ஒட்டினார். அப்படியும் திரைக்கு முன்னால் உட்காரும்போது வலது கையை மேசைக்கடியில் வைத்துக்கொண்டார்.

லேபின் கணினிகளைக் கவனிக்கும் பெண்ணிடம், தெரிந்தவர் ஒருவருக்கு இப்படி நடக்கிறது என்று மெல்லப் பேச்சைத் தொடங்கினார்.

“ஒரு பக்கம் இன்னொரு டேபுக்குள்ள எட்டிப் பாக்க முடியாதுக்கா. அதை விட்டு நகர்ந்துட்டீங்கன்னு வேணா தெரிஞ்சுக்கும். எங்க போனீங்கன்னு தெரியாது.”

“அப்புறம் எப்படி விளம்பரம் வருது?”

“ரெண்டு பக்கத்துலயும் ஒரே விளம்பரக் கம்பெனியோட ஆள் உக்காந்திருக்கான். இங்க உங்க மேல ஒரு அடையாளம் போட்டுடறான். அங்க அதைப் பாத்து ஆளைக் கண்டுபிடிச்சுடறான். அதுக்குப் பேருதான் குக்கி.”

அதை எப்படி அழிப்பது, மேற்கொண்டு வராமல் எப்படித் தடுப்பது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். தெரிந்தவர் யார் என்று அவள் கேட்கவில்லை.

அன்று மாலையே அழித்தார். கரண்டி காணாமல் போனது. மூன்றாம் நாள், கணினியில் செய்தி படித்துக்கொண்டிருந்த கணவர் திரும்பாமலே கேட்டார்.

“எல்லாத்தையும் அழிச்சிட்டியா?”

அவர் வலது கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார்.

“ஒன்றரை மாசமா எனக்கும் அதேதான் வந்துட்டிருந்துச்சு. எனக்கு எதுக்குடா இதுன்னு யோசிச்சேன். அப்புறம் உன் கையைக் கவனிச்சேன். நீயா சொல்லுவேன்னு இருந்துட்டேன்.”

“நீங்களும் சொல்லாமப் பாத்துட்டே இருந்தீங்களா?” என்றார் அவர். விளம்பரத்தைப் பார்த்தபோது வராத அழுகை அப்போது வந்தது. கணவர் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நோயைப் பற்றி அவரும் ஒளிந்து ஒளிந்து படித்திருந்தாராம். யார் படித்ததற்கு எந்த விளம்பரம் வந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

மறுநாள் இருவரும் மருத்துவரிடம் போனார்கள். சந்தேகம் உறுதியானது. லேபில் அவரே போய்ச் சொல்லிவிட்டு, ரிப்போர்ட் சரிபார்க்கும் வேலைக்கு மாறிக்கொண்டார். மாத்திரையால் ஆட்டம் குறைந்திருக்கிறது; கையை இப்போது யாரிடமும் மறைப்பதில்லை. ஆனால் கதவைச் சாத்திவிட்டுத் தனியாக உட்கார்ந்திருக்கும்போதும், தனியாக இருப்பதாகவே தோன்றுவதில்லை என்கிறார்.