கிரேக்க நேரம்

கிரேக்கத் தீவுகளுக்குப் போவதாக யார் சொன்னாலும், எங்கள் டெக்ஸஸ் ஊரான இர்விங்கில் ஒருவரைப் போய்ப் பார்க்கச் சொல்வார்கள். நானும் மனைவியும் போனோம். ஒல்லியான மனிதர். நெற்றியில் திருநீறு, கையில் கிரேக்க நேரம் காட்டும் கடிகாரம். எந்தத் தீவில் ஒயின் ருசிக்கலாம், எந்த ஃபெர்ரி படகில் அன்றைக்கே திரும்பலாம் என்று நாங்கள் கேட்பதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டார்.

"போகும்போது இடது பக்கம் உக்காருங்க தம்பி, குன்று மேல ஒரு வெள்ளை சர்ச் தெரியும். ஒயின் மூணு கிளாஸோட நிறுத்திடுங்க. இல்லன்னா ஆறு மணி ஃபெர்ரிய மிஸ் பண்ணிடுவீங்க."

"எத்தனை தடவை போயிருக்கீங்கண்ணா?" என்றாள் மனைவி.

"ஒரு தடவைகூட இல்லம்மா. கிரீன் கார்டு வராம வெளிய போனா, திரும்பி வர விசா ஸ்டாம்பிங்ல மாட்டிக்குவேன். பன்னிரண்டு வருஷமா வெயிட் பண்றேன்."

"ஒயின்?"

"ஐயோ, தொடறதே இல்ல."

போகும்போது ஃபெர்ரியில் அந்த வெள்ளை சர்ச்சைப் பார்க்க மறந்து செல்ஃபி எடுத்தோம். குடிக்காதவர் எனக்குக் கணக்குச் சொல்வதா என்று தீவில் நாலாவது கிளாஸும் வாங்கினேன். துறைமுகத்துக்கு ஓடி வந்தபோது ஃபெர்ரி கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் அவருக்கே போன் செய்தேன். டெக்ஸஸில் அப்போது காலை, ஆபீஸ் நேரம். முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஆறு அஞ்சு ஆச்சே. நாலாவது கிளாஸா?"

ஒயின் பில்லை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

"பரவால்ல, ஏழரைக்குச் சின்ன ஃபெர்ரி ஒண்ணு இருக்கு. இப்ப வலது பக்கம் உக்காருங்க."

உட்கார்ந்தோம். அவர் பார்த்தே இராத அந்த வெள்ளை சர்ச், அவர் வைத்த இடத்திலேயே இருந்தது.