லியாங்கின் முழங்காலுக்காக மன்றாடுவோம்

லியாங் மெல்பேர்ணில், எங்கள் கிளேட்டன் வீட்டின் பின்னறைக்கு வாடகைக்கு வந்த அன்று, கட்டிலுக்கு வெளியே அவன் கால் ஒரு முழம் நீட்டிக்கொண்டு நின்றது. கால்மாட்டில் ஒரு கதிரையைப் போட்டுச் சமாளித்தேன். சீனாவில் பெரிய லீக்கில் கூடைப்பந்து ஆடியவன். சின்னப் பிள்ளையாய் இருக்கும்போதே மணிக்கட்டு எலும்பைப் படம் பிடித்து, இவன் நெடுக்க வளருவான் என்று விளையாட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்களாம். மாடு வாங்குகிறவன் பல்லைப் பார்ப்பதுபோல! பிறகு இளசுகள் வந்ததும் அவனைக் கழற்றிவிட்டார்கள். முப்பது தாண்டிய வயதில் மெல்பேர்ணில் ஒரு சின்னக் கிளப்தான் அவனுக்குக் கிடைத்தது. அடுத்த வருஷத்துக்கும் அவர்கள் ஒப்பந்தம் போடாவிட்டால் அவனை எடுக்க வேறு ஆளில்லை.

அந்த நேரம் பார்த்து வலது முழங்கால் வீங்கத் தொடங்கியது. கிளப்புக்குத் தெரிந்தால் கதை கந்தல். பயிற்சி முடிந்து வந்ததும், பிரீசரில் கிடந்த விளைமீன் பொதியை முழங்காலில் வைத்துக்கொண்டு குசினியில் இருப்பான். ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும்வரை ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று என் மனைவி மாக்கிறேட்டிடம் ஆங்கிலத்தில் கெஞ்சினான்.

"ஓம் மகன், என்ர வாயிலயிருந்து வராது" என்று அவன் கையைப் பிடித்துச் சொன்னாள்.

வரத்தான் வந்தது. அடுத்த தமிழ்ப் பூசையில், நோயாளருக்கான மன்றாட்டில் பங்குச் சுவாமி வாசிக்கிறார்: "முழங்கால் நோவினால் வருந்தும் எங்கள் சகோதரன் லியாங் பூரண சுகம்பெற வேண்டுமென்று..." கோயில் முழுக்க, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. மாக்கிறேட்தான் சுவாமியிடம் பெயரை எழுதிக் கொடுத்திருந்தாள்.

"உனக்கென்ன விசரே?" என்று காருக்குள் கத்தினேன்.

"நான் ஆருக்கும் சொல்லேல்லையே! ஆண்டவருக்குத்தானே சொன்னனான்!"

ஆண்டவர் வாயைத் திறக்கவில்லை. கோயிலில் எங்களுக்குப் பின் வாங்கில் உட்கார்ந்திருந்த சுவாம்பிள்ளைதான் திறந்தார். அவர் அதே கிளப்பின் வாசலில் ரிக்கெற் பார்க்கிறவர். நல்ல மனுசன், அதுதான் வில்லங்கம். பயிற்சியாளரைக் கண்டதும், லியாங்கின் முழங்கால் எப்படி, நாங்கள் எல்லாரும் செபித்தோம் என்று அக்கறையாய் விசாரித்திருக்கிறார். உடனே ஸ்கான் எடுத்தார்கள். குருத்தெலும்பு தேய்ந்துபோயிருந்தது. ஒப்பந்தம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மாக்கிறேட் அதற்குப் பிறகு அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சோற்றை மேசையில் மூடிவைத்துவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துவிடுவாள். சீனாவுக்குத் திரும்ப விமானத்துக்குப் புறப்படுகிற அன்று அவனே குசினிக்கு வந்து, நிலையில் தலை முட்டாமல் குனிந்து நின்றான்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளு மகன், உன்ர வாழ்க்கையையே கெடுத்துப்போட்டன்" என்று அவள் தமிழிலேயே அழுதாள். அது அவனுக்கு விளங்கிவிட்டது.

அந்தப் பூசைக்கு எவ்வளவு சனம் வந்தது என்று என்னிடம் கேட்டான். கோயில் நிறைஞ்ச சனம் என்றேன்.

பிறகு அவளிடம் சொன்னான்: "அன்ரி, சின்ன வயதிலிருந்து எல்லாரும் இந்தக் கால் எப்போது ஆடும் என்றுதான் கேட்டார்கள். இது சுகப்பட வேண்டும் என்று கேட்டது நீங்கள்தான்."

மாக்கிறேட் வாய்விட்டு அழுதாள். நான் பெட்டியைத் தூக்குகிற சாட்டில் வெளியே வந்துவிட்டேன்.