பொலின் போட்ட கமா

தான் மக்கு என்பதில் பொலினுக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. கணவரின் பட்டாள வேலையோடு பிரான்சுக்குப் போனவள், அங்கே ஒரு பள்ளிச் சமையலறையில் இருபத்தாறு வருடம் தட்டுக் கழுவினாள். அவர் கண்ணை மூடியதும் புதுச்சேரிக்கே திரும்பிவிட்டாள். இப்போது வயது ஐம்பத்தெட்டு.

பிரெஞ்சுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புவரை அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் நஜீமா. நெல்லித்தோப்பில் வீட்டு மாடியில் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் கற்றுத் தருகிறாள். போன முறை புரோகிராமிங் வகுப்புக்குப் பதினோரு பேர் சேர்ந்தார்கள். இரண்டாம் வாரம் ஒருத்திகூட வரவில்லை. இந்த முறையும் அப்படி ஆனால் வகுப்பை மூடிவிடுவதென்று தீர்மானித்து, ஒரு மாதம் உட்கார்ந்து புதிதாகப் பாடம் எழுதினாள். சனிக்கிழமை வகுப்பு. புதன்கிழமை அதைப் பொலினிடம் நீட்டினாள்.

"படிச்சிட்டு சொல்லு. ஒனக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்டி."

கேலிதான். ஆனாலும் பொலினுக்குச் சுருக்கென்றது.

வீட்டுக்குப் போய் மகனின் பழைய லேப்டாப்பைத் திறந்து, பாடத்தில் இருந்த புரோகிராமை ஓடவிட்டாள். துணி எத்தனை மீட்டர் என்று புரோகிராம் கேட்கும். நீளத்தைத் தட்டினால், எத்தனை ஜாக்கெட் தைக்கலாம் என்று சொல்லும். மிகவும் எளிது என்று எழுதியிருந்தது. பொலின் இரண்டரை மீட்டர் என்று தட்டினாள். திரையெங்கும் பிழை என்று சிவப்பு எழுத்து. மறுபடி தட்டினாள். மறுபடியும் சிவப்பு. அது வந்தால் என்ன செய்வதென்று பாடத்தில் எங்கேயும் இல்லை. மிகவும் எளிது என்பது மட்டும் ஏழு இடத்தில் இருந்தது. லேப்டாப்பை மூடிவிட்டு அழுதாள்.

மறுநாள் காலை மாடியேறிப் போய், "நல்லாருக்குடி," என்றாள்.

"நல்லாருக்குன்னா?"

"நல்லாத்தான் இருக்கு."

"போன தடவ பதினோரு பேரும் இதையேதான் சொன்னாளுங்க. சொல்லிட்டுப் போனவளுங்க வரவே இல்ல. நீயும் அதையே சொல்லு."

பொலின் பையிலிருந்து தாள்களை எடுத்தாள். ஓரமெல்லாம் பென்சில் கோடு.

"துணிய வச்சி ஆரம்பிச்சிருக்க பாரு, அது கையப் புடிச்சி உள்ள கூட்டிட்டுப் போவுது. அத மாத்தாத. ஆனா இங்க பயந்துட்டேன். எளிதுன்னு போட்டிருக்க, எனக்கு வரல. அப்போ நான் மக்குன்னுதானே அர்த்தம்?"

நஜீமாவின் முகம் சுண்டிப்போனது. "இன்னா தட்டின? தட்டிக் காட்டு."

பொலின் தட்டினாள்: 2,5.

"நடுவுல புள்ளி வைக்கணும்டி. இன்னாத்துக்குக் கமா?"

"கமாதான், விர்குல். தசமத்துக்கு விர்குல்தானே? பிரெஞ்சு ஸ்கூல்ல மதாம் நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தானே சொல்லிக்குடுத்தாங்க."

நஜீமா திரையையே பார்த்தபடி இருந்தாள். அவளுடைய அப்பா இறந்த வருடம் அவளைப் பிரெஞ்சுப் பள்ளியிலிருந்து நிறுத்தித் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தார்கள். சேர்ந்த முதல் வாரமே, கணக்கில் பிரெஞ்சுப் பழக்கத்தில் புள்ளிக்குப் பதில் கமா போட்டதற்காகப் பெஞ்சின்மேல் ஏற்றி நிற்கவைத்தார்கள். வகுப்பே சிரித்தது. அன்று அழித்த கமா, நாற்பத்தேழு வருடம் கழித்து எதிரில் வந்து நின்றது.

"தொ விர்குல் சேங்க்," என்று இரண்டரையைப் பிரெஞ்சில் சொன்னாள் நஜீமா, மதாமின் அதே ராகத்தில். பொலினும் சேர்ந்து சொன்னாள். இருவரும் சிரித்தார்கள், நஜீமாவுக்குத்தான் முதலில் கண் நிறைந்தது.

அன்று முழுவதும் பாடத்தைத் திருத்தினார்கள். கமா போட்டாலும் கணக்கு வரும்படி நஜீமா ஒரு வரி சேர்த்தாள். ஏழு எளிதுகளையும் பொலின் அடித்து நீக்கினாள். அவற்றுக்குப் பதில் அவள் சொல்லச் சொல்ல நஜீமா எழுதினாள்: 'சிவப்பு எழுத்து எல்லோருக்கும் வரும். வந்தால் பயப்படாமல் கடைசி வரியை மட்டும் படியுங்கள்.'

சனிக்கிழமை பொலினையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். அதற்கடுத்த சனிக்கிழமை நஜீமா காலையிலிருந்தே மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து மணிக்குள் ஒன்பது பேர் ஏறி வந்தார்கள். பிள்ளைச்சாவடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த செந்தமிழ்ச்செல்வி, செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்:

"ஊட்ல அஞ்சு தடவ செவப்பு வந்துச்சிக்கா. நாலு நானே சரி பண்ணிட்டேன். அஞ்சாவதுக்குத்தான் வந்தேன்."

"வா, எனக்கும் ஒரு செவப்பு நிக்குது. சேந்து பாக்கலாம்," என்று பொலின் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.